'பிரைட் பிரைஸ்' என்பதை வரதட்சணை என்று எழுதலாமா? ஆப்பிரிக்க நாவல் வாசிப்புக்குச் சொல் தேவை

மஞ்சை வாசகன் (கேள்வி)

தோழர்களுக்கு வணக்கம். கடலூரில் ஆறு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், ஆப்பிரிக்கப் புனைகதையில் கல்யாணம் என்ற பொருளில் வாசிப்புக் கூட்டம் நடக்க இருக்கிறது. ஒரு மாலைக்கு ஒரு புத்தகம், இரண்டு மணி நேரம். வருபவர்களில் பாதிப்பேர் ஆங்கிலம் வாசிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கைந்து பக்கம் தமிழாக்கிக் கையில் கொடுக்க வேண்டும்.

எடுத்திருப்பவை: சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958), 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960), ஃப்ளோரா ந்வாபாவின் 'எஃபுரு' (1966), புச்சி எமச்செட்டாவின் 'த பிரைட் பிரைஸ்' (1976), 'த ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' (1979), மரியாமா பாவின் 'சோ லாங் எ லெட்டர்' (பிரெஞ்சு மூலம் 1979).

சிக்கல் சொற்களில்தான். 'பிரைட் பிரைஸ்', 'டவுரி' இரண்டையும் வரதட்சணை என்றே போட்டு வந்தேன். பாதி வழியில் வாக்கியங்கள் உளறுகின்றன. மரியாமா பாவில் நான் போட்ட வரி: "வரதட்சணை இல்லாமல், ஆடம்பரம் இல்லாமல் எங்கள் கல்யாணம் நடந்தது." இது சரியா? கோ-வைஃப் என்பதற்கு சக்களத்தி போதுமா? நைஜீரியாவின் இக்போ மக்களிடையே ஒதுக்கப்பட்ட குடியைக் குறிக்கும் ஓசு என்ற சொல்லுக்கு 'தீண்டத்தகாதவர்' என்று போடலாமா? புத்தகங்களை முழுக்க வாசித்தவர்கள் சொன்னால் நல்லது.

கெடிலக்கரை

வரதட்சணை என்று போட்டால் ஆறு புத்தகமும் தலைகீழாகிவிடும். வரதட்சணை பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது. இந்த நாவல்களில் பணம், சோழி, கள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகிறது. அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: பரிசம். பரியம் என்றும் சொல்வார்கள். உரைகளில் 'முலைவிலை' என்றொரு சொல்லும் உண்டு, ஆனால் அதை இன்றைக்கு எடுத்தால் கூட்டத்தில் சிரிப்புதான் மிஞ்சும்.

ஒரு தொல்லை. இப்போது நம் பக்கம் 'பரிசம் போட்டாச்சு' என்றால் நிச்சயம் முடிந்தது, புடவை, பூ, பழத்தட்டு வைத்தாயிற்று என்றுதான் பொருள். தொகை பேசுவது மறந்துபோயிற்று. அதனால் முதல் தடவை வரும் இடத்தில் 'மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசப்பணம்' என்று நீட்டி எழுதுங்கள். பிறகு பரிசம் என்ற ஒரு சொல் போதும்.

இன்னொரு கண்ணி: நைஜீரிய ஆங்கிலத்தில் 'டவுரி' என்றாலே பரிசம்தான். ந்வாபா 'எஃபுரு' முழுக்க டவுரி என்றே எழுதுகிறார். கிழக்கு நைஜீரியாவில் பரிசத்துக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்த 1956 சட்டத்தின் பெயரிலும் டவுரி என்ற சொல்தான். எஃபுருவும் அடிசுவாவும் டவுரி கொடுக்காமலே சேர்ந்து வாழத் தொடங்கியதுதான் நாவலின் முதல் ஊர்ப்பேச்சு. அங்கே வரதட்சணை என்று போட்டால், நம் வாசகர் எஃபுருவைப் புரட்சிப்பெண் என்று கைதட்டுவார். ஊர் திட்டுவதோ அவள் தகப்பனுக்குச் சேரவேண்டியதைச் சேர்க்காமல் போய்விட்டாள் என்பதற்காக. பின்னால் இருவரும் சம்பாதித்துப் பணம் கட்டியபிறகுதான் பேச்சு அடங்குகிறது.

பரிசம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு அச்செபேயின் முதல் நாவல், எட்டாம் அத்தியாயம். ஒபியரிக்காவின் மகள் அக்குவேக்கேயின் பரிசம். யாரும் வாய்விட்டுத் தொகை சொல்வதில்லை. பெண் வீட்டார் 30 ஈர்க்குகளைக் கட்டாகக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் தன் தம்பியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டுத் திரும்புகிறான். கட்டில் இப்போது 15. பெண்ணின் பெரியப்பன் 10 சேர்த்துத் திருப்புகிறான். இப்படியே போய் 20 பை சோழியில் முடிகிறது. நீ எனக்காக விழு, நான் உனக்காக விழுகிறேன், அப்போதுதான் விளையாட்டு என்று நாய் சொன்னதாக ஒரு பழமொழியும் நடுவில் வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது இதற்கு நல்ல உவமை என்று தோன்றும். போடவேண்டாம். அதே அத்தியாயத்தில் இந்த ஆட்களே அடுத்த ஊர்க்காரர்களை 'ஆடுமாடு வாங்குகிற மாதிரி பேரம் பேசுகிறார்கள்' என்று கேலி செய்கிறார்கள். ஈர்க்கு முறை பேரம் ஆகாது என்பதுதான் அவர்கள் பெருமை.

முத்தியால்பேட்டை முசியே

கெடிலக்கரை சொன்னது ஆங்கிலத்துக்கு. பிரெஞ்சில் கண்ணி இன்னும் ஆழம். பிரெஞ்சில் 'தோத்' என்ற சொல் பிரான்சு நாட்டுப் பழைய பொருளில் பெண் கொண்டுபோகும் சீர். ஆப்பிரிக்கப் பிரெஞ்சில் அதே சொல்லுக்குப் பொருள் மாப்பிள்ளை கொடுப்பது. பாண்டியில் பிரெஞ்சு படித்தவர்கள் அகராதியைப் பார்த்து 'சீதனம்' என்று எழுதிவிடுவது இதனால்தான்.

உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம். மூலத்தில் 'தோத் இல்லாமல், பகட்டில்லாமல்' என்று வருகிறது. கதை சொல்லும் ராமத்துலாயேயின் அம்மாவுக்கு மருத்துவர் தாவுதா தியெங்தான் பிடித்த மாப்பிள்ளை. மகள் கட்டிக்கொண்ட மொதுவின் மேல்பற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே நல்லதில்லை என்று சொன்னவள். அப்படிப்பட்ட வீட்டை எதிர்த்து, ஒன்றும் வாங்காமல் இவள் போகிறாள். விட்டுக்கொடுத்தவள் அவள். 'வரதட்சணை இல்லாமல்' என்று எழுதியதும் மொது பெருந்தன்மையான மாப்பிள்ளை ஆகிவிடுகிறான்!

இது ஒரு வரிப்பிழை என்று விட முடியாது, பின்கதை இதன்மேல்தான் நிற்கிறது. அதே மொது, மூத்த மகளின் தோழி பினெத்துவைக் கட்டும்போது என்னென்ன கொடுக்கிறான்: வீடு, கார், மாதம் 50,000 பிராங்கு, பெண்ணைப் பெற்றவர்களுக்கு மக்கா பயணம். ஒன்றும் வாங்காமல் வந்தவள் 12 பிள்ளை பெற்றாள், 25 வருடம் குடும்பம் நடத்தினாள், கைவிடப்பட்டாள். இளையவளுக்குக் குவிகிறது. முதல் வரியைத் தப்பாக்கினால் இந்தக் கணக்கு வாசகர் கண்ணில் படவே படாது. 'பரிசம் ஏதும் வாங்காமல், பகட்டில்லாமல்' என்று மாற்றுங்கள்.

ஒரு கிளைச்செய்தி. இந்தக் கதை நடக்கும் செனகலின் 1972 குடும்பச் சட்டத்தில் ஆண் பதிவுசெய்யும்போதே ஒருதாரமா, குறைந்த எண்ணிக்கையா, நான்கு வரையா என்று தேர்ந்தெடுக்கலாம். பாண்டியில் 1881 ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குப் போன ரெனோன்சான் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். செனகலில் கம்யூன் எனப்பட்ட நான்கு நகராட்சிகளின் மக்கள் 1916 சட்டப்படி தங்கள் வழக்கத்தைத் துறக்காமலே பிரெஞ்சுக் குடிமக்களாக நின்றார்கள். ஒரே பேரரசு, இரண்டு ஊர், இரண்டு கதை. கூட்டத்தில் நேரம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

பரங்கிப்பேட்டை

முசியே சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். செனகல் கதை இசுலாமியக் குடும்பத்தில் நடப்பது. அங்கே மாப்பிள்ளை கொடுப்பதில் மஹரும் உண்டு. மஹர் பெண்ணின் கைக்குச் சேரவேண்டியது, தகப்பனுக்கோ பங்காளிக்கோ இல்லை. இக்போ நாவல்களின் பரிசம் பெண்ணின் கைக்குப் போவதில்லை, அவள் குடும்ப ஆண்களுக்குப் போகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள். ஆனால் அந்த வரியில் 'மஹர் இல்லாமல்' என்றும் போடக்கூடாது. தொகை பேசாமல் விட்டாலும் மஹர் கடனாக நிற்கும், அது இல்லாத நிக்காஹ் ஏது என்று எங்கள் ஊர் வாசகர் முதல் கேள்வியே கேட்பார். 'பரிசம் வாங்காமல்' சரி.

அந்தப் புத்தகத்துக்கு வேறு சில சொற்கள் நம் பக்கமே தயாராக இருக்கின்றன. கணவன் இறந்தபின் ராமத்துலாயே வீட்டுக்குள் இருக்கும் 4 மாதம் 10 நாள்: 'துக்கக் காலம்' என்று மொட்டையாக எழுதவேண்டாம், இத்தா. அவள் அந்தக் கடிதத்தை எழுதுவதே இத்தா இருக்கும்போதுதான். 40ஆம் நாள் என்பதை நாற்பதாம் பாத்திஹா என்றால் கடலூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் புரியும். 'மிராஸ்' என்று ஒரு சடங்குப் பகுதி வரும். இறந்தவரின் சொத்து, கடன் எல்லாவற்றையும் திறந்து வைத்துப் பங்கு பிரிப்பது. நம் மிராசு, மிராசுதார் எல்லாம் அந்த அரபுச் சொல்லின் பிள்ளைகள்தான். தமிழில் மிராசு என்று எழுதினால் நிலக்கிழார் நினைவு வரும், அதனால் 'மீராஸ் பங்கு' என்று எழுதலாம். சொத்தைத் திறக்கும்போது இறந்தவனின் இரகசியங்களும் திறக்கும், வீட்டை அடகு வைத்து வாங்கிய கடன் உட்பட. பா அந்தச் சொல்லை எடுத்து மனைவியின் கையில் கொடுக்கிறார். அவளும் தன் கணவனைப் பங்கு பங்காகப் பிரித்து வைக்கிறாள்.

40ஆம் நாள் முடிந்ததும் மைத்துனன் தம்சீர், இமாம், கணவனின் நண்பன் மாவ்தோ மூவரும் வந்து உட்காருகிறார்கள். இத்தா முடிந்ததும் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று தம்சீர் அறிவிக்கிறான். கேட்கவில்லை, அறிவிக்கிறான். கணவனின் இரண்டாம் கல்யாணச் செய்தியைக் கொண்டுவந்ததும் இதே மூவர்தான். இரண்டு காட்சியையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கக் கொடுங்கள். 50 பக்கம் விளக்கத்துக்குச் சமம்.

மஞ்சை வாசகன்

மூவருக்கும் நன்றி. 'வரதட்சணை' 23 இடத்தில் இருந்தது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம். பரிசம் என்ற சொல்லுக்கு நம் காதில் மங்கலமான ஒலி இருக்கிறது. எமச்செட்டாவின் புத்தகத் தலைப்பையே 'பரிசம்' என்று போட்டால், அவர் கோபம் காணாமல் போகாதா?

வில்லியனூர் தறி

போகும். சரியாகக் கேட்டீர்கள். மேலே எழுதியவர்கள் பரிசத்தைக் கொஞ்சம் அதிகமாகவே குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

அச்செபேயின் ஈர்க்குக் காட்சியை மறுபடி பாருங்கள். சுமார் 16 வயதுப் பெண் உள்ளே வருகிறாள், மாப்பிள்ளை வீட்டார் அவள் உடம்பைக் கைதேர்ந்த கண்ணால் அளக்கிறார்கள், அவள் போய்விடுகிறாள். ஈர்க்கு எண்ணும்போது அவள் அங்கே இல்லை. அச்செபே இதை அழகாகச் சொல்வதால் நமக்கு உறைப்பதில்லை.

எமச்செட்டா அதே வழக்கத்தை எண்ணப்படுபவளின் பக்கமிருந்து எழுதுகிறார். நாயகியின் பெயரே அக்கு-ன்னா. தகப்பனின் செல்வம் என்று பொருள், அதாவது அவளுக்கு வரப்போகும் பரிசம். தகப்பன் இறந்ததும் தாயைப் பெரியப்பன் ஒகொங்க்வோ தன் மனைவிகளோடு சேர்த்துக்கொள்கிறான் (அச்செபேயின் முதல் நாவலின் நாயகன் ஒகொங்க்வோ இல்லை, பெயர் மட்டும் ஒன்று). பெண் விரும்புவது சிக்கே என்ற ஆசிரியனை. படித்தவன், வசதியானவன், ஆனால் அடிமை வம்சம். வேறொருவன் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அந்த ஊரில் தூக்கிப்போனவன் ஒரு கற்றை முடியை வெட்டிவிட்டாலே அவள் அவன் மனைவி. தான் கன்னி இல்லை என்று பொய் சொல்லித் தப்புகிறாள். சிக்கேயின் தகப்பன் பரிசம் கொண்டுவருகிறார், பெரியப்பன் வாங்க மறுக்கிறான். பரிசம் கட்டாத பெண் தலைப்பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அவள் சாகிறாள்.

இங்கே ஒரு நுட்பம். கொடுக்க ஆள் இருக்கிறார், பணமும் இருக்கிறது. வாங்க மறுப்பதுதான் ஆயுதம். பரிசம் வெறும் விலையாக இருந்திருந்தால் மறுக்கவேண்டிய அவசியமே இல்லை, கூடுதலாகக் கேட்டிருக்கலாம். வாங்கினால் அந்த வம்சத்தோடு சம்பந்தம் ஏற்பட்டதாகிவிடும். இதைக் கூட்டத்தில் சொல்லாமல் விட்டால் பெரியப்பன் வெறும் வில்லனாகத் தெரிவான்.

தலைப்புக்கு 'பெண்விலை' என்று போடுங்கள். உள்ளே வழக்கத்தைச் சொல்லும் இடங்களில் பரிசம். 1931லேயே எவன்ஸ்-பிரிச்சர்ட் என்ற மானிடவியலாளர், 'பிரைஸ்' என்ற சொல் விற்பனையை நினைவூட்டுகிறது, 'பிரைட்வெல்த்' என்போம் என்று எழுதினார். பாடப்புத்தகங்கள் ஏற்றுக்கொண்டன. எமச்செட்டா 1976ல் பழைய சொல்லையே அட்டையில் வைத்தார். அவருக்கு அந்த விலை நாற்றம் தேவையாக இருந்தது.

'ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' நாவலில் நீதிமன்றக் காட்சியை விடாதீர்கள். மகள் வேறு இனமான யொருபாக் குடும்பத்துப் பையனோடு போய்விட, நாயகி நு எகோவின் கணவன் நைஃபே அந்த வீட்டின்மேல் வெட்டுக்கத்தியோடு பாய்ந்த வழக்கு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று வக்கீல் கேட்கிறார். கணவன்தான் என்கிறாள் நு எகோ. பணம் நீதானே சம்பாதித்தாய்? ஆமாம், ஆனால் அவர் என்னை உடையவர், ஆகவே அவர்தான் கட்டுகிறார். மன்றம் சிரிக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை, தான் அறிந்த சட்டத்தைச் சொல்கிறாள். அந்தப் பதிலே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. மொழிபெயர்க்கும்போது 'உடையவர்' என்ற சொல்லை வையுங்கள். 'குடும்பத் தலைவர்' என்று மென்மையாக்கினால் சிரிப்புக்குக் காரணமே இருக்காது.

கெடிலக்கரை

வில்லியனூர் தோழர் சொன்னதை ஏற்கிறேன், பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஆனால் 'பெண்விலை' என்று மட்டும் நின்றால் பிள்ளைக் கணக்கு விட்டுப்போகும்.

அச்செபே முதல் நாவல், பத்தாம் அத்தியாயம், உசோவுலு வழக்கு. அவன் மனைவி ம்பாஃபோவை நாள்தோறும் அடிக்கிறான். அவள் அண்ணன் தம்பிகள் வந்து அவனை அடித்துப்போட்டு அவளையும் பிள்ளைகளையும் கூட்டிப்போய்விடுகிறார்கள். உசோவுலு கேட்பது என்ன? பெண்ணை நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள், நான் துரத்தவில்லை, பரிசத்தைத் திருப்பிக்கொடுங்கள். நம் ஊரில் 'பரிசத்தைத் திருப்பி அத்துவிடுவது' என்றால் பெரியவர்களுக்குப் புரியும். மறுபக்கம் ஒதுக்வே, 'பிள்ளைகள் இரண்டும் அவனுடையவை, அதில் தகராறு இல்லை, ஆனால் தாயை விட்டுப் பிரியும் வயதில்லை' என்கிறான். மனைவியை மீட்டுவந்தவனே பிள்ளைமேல் உரிமை கேட்கவில்லை பாருங்கள். பரிசம் கொடுத்தவன் வாங்கியது அதைத்தான்: பிறக்கும் பிள்ளைகள் எந்த வம்சத்துக் கணக்கில் வரும் என்பதை. ஒன்பது எக்வுக்வு, அதாவது முன்னோர் வேடம் பூண்டு வந்தவர்கள், தீர்ப்புச் சொல்கிறார்கள்: ஒரு பானைக் கள்ளோடு மாமனார் வீட்டுக்குப் போய் அவளைக் கெஞ்சிக் கூட்டிவா.

உம்முன்னா என்ற சொல் வந்தால் யோசிக்கவே வேண்டாம், பங்காளிகள். அச்சுக்கு அச்சு பொருந்தும்.

ஆனால் இந்தப் பிள்ளைக் கணக்கை ஆப்பிரிக்கா முழுக்க நீட்டாதீர்கள். பொதுவாக விழும் குழி இதுதான். கானாவின் அக்கான் மக்களிடம் பிள்ளைகள் தாய்வழி. நாஞ்சில் நாட்டு மருமக்கதாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'தலைச் சாராயம்' என்று பொருள்படும் திரி ன்சா என்ற அடையாளப் பொருளைக் கொடுத்துக் கல்யாணம் உறுதியாகிறது, அதனால் பிள்ளைகள் தகப்பன் வம்சத்துக்குப் போய்விடுவதில்லை. அமா ஆட்டா ஐடூவின் 'சேஞ்சஸ்' (1991) வாசிப்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். அதில் படித்த, வேலை பார்க்கும் எசி, தானே விரும்பி இரண்டாம் தாரமாகப் போகிறாள். கணவன் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கமாட்டான், அது வசதி என்ற கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், அதே எட்டாம் அத்தியாயத்தில் ஒகொங்க்வோ, 'சில இனத்தில் பிள்ளைகள் மனைவி வீட்டுக்குச் சொந்தமாமே' என்கிறான். அது எப்படி நடக்கும் என்று சிரிக்கிறார்கள்.

புதுச்சேரி நெய்தல்

பாக்கி இரண்டு கேள்வியை யாரும் தொடவில்லை.

சக்களத்தி: நம் பேச்சில் அது வசவாகிவிட்ட சொல். சண்டைக் காட்சியில் போடலாம். அச்செபேயில் ந்வகிபியேயின் மனைவிகள் வரும் இடத்தில் (மூன்றாம் அத்தியாயம்) போட்டால் அந்த மரியாதையே கெடும். அங்கே முதல் மனைவி அனாசி வரும்வரை மற்றவர்கள் கள்ளைத் தொடாமல் நிற்கிறார்கள். கணவனின் பட்டங்களுக்கான காற்சலங்கையை அவள் ஒருத்திதான் அணியலாம். அந்த இடத்தில் மூத்தாள், இளையாள். நு எகோவும் அடாக்குவும் ஒரே அறையில் மோதும் லாகோஸ் காட்சியில் சக்களத்தி. ஊரில் ஆளுக்கொரு குடிசை, நகரத்தில் ஒரே அறை: சண்டையில் பாதி அந்த இடநெருக்கடியால் வருவது, குறிப்பில் ஒரு வரி சேருங்கள். எஃபுரு இரண்டாம் கணவனுக்குத் தானே பெண் பார்த்து வைக்கும் இடத்தில் வேறு சொல்லே வேண்டாம், 'கட்டிவைத்தாள்' போதும்.

ஓசு: தீண்டத்தகாதவர் என்று நேராகப் போடவேண்டாம். ஓசு என்பவர் ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர். அதன்பின் அவரும் அவர் வம்சமும் ஒதுக்கம்: சுதந்திரக் குடியில் கொள்வினை கொடுப்பினை கிடையாது, ஊர்க்கூட்டத்துக்கு வரக்கூடாது, தலைமுடி வெட்டக்கூடாது, இறந்தால் பொல்லாத காட்டில் புதைப்பு. 'தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட குடி' என்று முதலில் எழுதி, பிறகு ஓசு என்றே விடுங்கள். சாதியோடு ஒப்பிடுவதை வாசகர்களே செய்வார்கள், நாம் சொல்லில் செய்துவைக்க வேண்டாம். எமச்செட்டாவின் சிக்கே அடிமை வம்சம், அது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில் ஓபியின் தகப்பன் கிறித்தவ வேதபோதகர். பழைய சாமிகளை உதறியவர். ஆனாலும் ஓசுப் பெண் கிளாராவை மருமகளாக ஏற்க முடியவில்லை, தொழுநோய் என்கிறார். தாய், நான் செத்தபின் கட்டிக்கொள், இருக்கும்போது கட்டினால் உயிரை விடுவேன் என்கிறாள். கிழக்கு நைஜீரியாவில் ஓசு முறையை ஒழித்து 1956ல் சட்டம் வந்தது, நாவல் 1960. தேதிகளை அருகருகே எழுதினாலே போதும், விளக்கம் வேண்டாம்.

கடைசியாக, யாரும் கேட்காதது. 'யாம்' என்ற கிழங்குக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நம் பக்கம் கிழங்கு என்றால் மரவள்ளி என்று கை தானாக எழுதிவிடும். அப்படி எழுதியிருந்தால் ஒகொங்க்வோவின் ஆண்மை மொத்தமும் போச்சு. அச்செபே தெளிவாகச் சொல்கிறார்: யாம் ஆண் பயிர், பயிர்களின் அரசன். சேம்பு, பயறு, மரவள்ளி பெண்களின் பயிர். ஒருவன் எத்தனை மனைவி வைத்துக் காப்பாற்றுவான் என்பதை யாம் அடுக்கி வைத்த கொட்டகையைப் பார்த்துத்தான் ஊர் அளக்கிறது. பெருவள்ளி என்று எழுதுங்கள். வள்ளிக்கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளி என்று நினைப்பார்கள்.

மஞ்சை வாசகன்

மரவள்ளி என்றுதான் போட்டிருந்தேன். மாற்றியாயிற்று. ஈர்க்குக் காட்சியின் முடிவு இப்போது இப்படி: "அப்படிப் போய்வந்து அக்குவேக்கேயின் பரிசம் இருபது மூட்டைச் சோழியில் முடிந்தது." பாட்டில் கள் என்பதைப் பனங்கள் என்று எழுதலாமா?

வில்லியனூர் தறி

மூட்டை வேண்டாம், பை. மூட்டை என்றால் நெல் மூட்டை அளவு கண்ணில் நிற்கும். கள் வருவது பாட்டிலில் இல்லை, பானையில். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இதே பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் 50 பானை கொண்டுவருகிறார்கள். பெண் வீட்டார் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள், 30ஐத் தாண்டியதும் முகம் மலர்கிறது. பனங்கள் என்று எழுதினால் நம் பனை நினைவு வரும், அங்கே மரம் வேறு. கள் என்று மட்டும் விடுங்கள்.